தங்கையின் முன்பல்

மார்ச் 4, செவ்வாய்
என்னைக் கேட்காமல் என் தங்கை பல் டாக்டரிடம் போய்வந்திருக்கிறாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைக்கப் போகிறாளாம். எங்கள் தையல் கடையில் பட்டன் துளை தைக்கும் காஜாக்காரரிடம் கேட்டிருக்கிறாள். நூல் கடைக்காரியிடம் கேட்டிருக்கிறாள். இருவரும் "தாராளமா செய்ங்க" என்றார்களாம். கூடப்பிறந்தவள் நான், எதிர் மிஷினிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கடைசியில் சேதி வருகிறது.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்பே."

வேண்டாம்தான். அதற்காகச் சொல்லாமல் இருப்பதா?

மார்ச் 5
அவளோடு பேசவில்லை.

மார்ச் 8, சனி
டாக்டரிடம் கூடப் போனேன். துணைக்கு என்று அவள் நினைத்தாள். நான் போனது தடுக்க.

டாக்டரம்மா சின்ன வயசு. மூன்று வழி சொன்னாள். கம்பி கட்டிப் பல்லை நெருக்கலாம், ஒரு வருஷம் பிடிக்கும். பல் நிறத்துப் பசையால் நிரப்பலாம், ஒரே நாளில் முடியும், ஆனால் நாளாவட்டத்தில் தேயும். பல்லை லேசாக ராவி மேலே மெல்லிய ஓடு ஒட்டலாம், நெடுநாள் உழைக்கும்.

"ராவுன பல்லு திரும்ப வளருமா?"

"வளராதும்மா."

எழுந்துவிட்டேன். தங்கை எழவில்லை.

"பல்லைத் தொடாம மாதிரிக்கு ஒண்ணு ஒட்டி விடறேன். பிடிக்கலைன்னா எடுத்துடலாம்" என்றாள் டாக்டரம்மா. நாங்களும் அரைகுறையாய்த் தைத்து, போட்டுப் பார்க்கச் சொன்ன பிறகுதானே முழுத் தையல் போடுகிறோம். அதனால் சும்மா இருந்தேன்.

மார்ச் 9
மாதிரிப் பல்லோடு அவள் சிரித்தால் வேறு யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கிறது. மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"அது அம்மா பல்லுடி. ஒரு போட்டோகூட நம்மகிட்ட இல்ல. நீ சிரிச்சாத்தான் எனக்கு அம்மா முகம் தெரியும்."

கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "உனக்கு அது அம்மா முகம்க்கா. நான் அவங்க முகத்தைப் பார்த்தேனா? கண்ணாடியில எனக்குத் தெரியறது வெறும் சந்துதான்" என்றாள்.

இவளைப் பெற்ற மறுநாள் அம்மா போனாள். எனக்குத் தெரியாததா? ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து ஒருநாளும் யோசித்ததில்லை.

மார்ச் 11
அளவு கொடுக்க வந்த பெண் ஏதோ வேடிக்கையாய்ச் சொன்னாள். தங்கை சிரித்தாள். எப்போதும் ஒரு கை வாயை மூடப் போகும், டேப் நழுவும், திரும்ப அளவெடுப்பாள். இன்று டேப் இரண்டு கையிலும் அப்படியே இருந்தது.

நான் பார்க்காதது போல் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்தது கோணல். பிரித்தேன்.

மார்ச் 13
மாதிரிக்கு ஒட்டியது உடைந்துவிட்டது. காலரை முடித்து, பழக்கதோஷத்தில் நூலைப் பல்லால் கடித்தாள். டக்கென்று ஒரு சத்தம்.

"பெரியக்கா கண்ணு வச்சுட்டாங்க" என்றார் காஜாக்காரர். முறைத்தேன். ஆள் பட்டன் டப்பாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. கை வாய்க்குப் போனது. "நீ சொன்னதுதான் சரி. இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம். விட்டுடலாம்க்கா."

ஜெயித்துவிட்டேன். பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 14
டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்தேன். நூல் கடிக்கிற வாய்க்கு எது தாங்கும் என்று கேட்டேன்.

"எதுவும் தாங்காதும்மா. கடிக்கறத விடணும்."

"அப்ப ராவ வேணாம். பசையே வச்சுடு."

"அதை உங்க தங்கச்சிதானே சொல்லணும்?"

பொல்லாதவள். தங்கையிடம் போய்க் கேட்டேன்.

"நானும் பசைதான் நினைச்சேன்" என்றாள். "நீ ஏங்கா கேக்கற? வேணாம்னியே."

"இப்பவும் வேணாம்தான். என்னைக்கு வரச் சொன்னாங்க?"

மார்ச் 16, ஞாயிறு
புதன்கிழமை பல் வேலை. ஆக வேண்டியவை:

காஜாக்காரர் – மிஷினுக்கு ஒரு கத்தரி, நாடாவில் கட்டித் தொங்கவிட வேண்டும். கைக்கு எட்டும் உயரத்தில். அவருடைய உயரத்தில் அல்ல, அவளுடையதில்.

தங்கை – நூலைக் கடிக்கக் கூடாது. குண்டூசியை உதட்டில் வைக்கக் கூடாது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளப் பஞ்சுத் திண்டு தைத்து வைத்திருக்கிறேன், அதில் குத்த வேண்டும்.

டாக்டரம்மா – வேலைக்கு முன் பல்லைச் சந்தோடு அச்செடுப்பார்களாம், பிறகு தூக்கிப் போடுவார்களாம். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அச்சைத் துடைத்து என் கையில் தர வேண்டும்.

நான் – கடையைப் பூட்டிவிட்டு அவளோடு போக வேண்டும். அவள் எழுந்து கண்ணாடி பார்த்துவிட்டுத் திரும்பும்போது நன்றாயிருக்கிறது என்று நான்தான் முதலில் சொல்ல வேண்டும். வேறு யாரும் முந்தக் கூடாது.