முதல் ஸ்வரம்

எண்ணூர், ஞாயிறு மதியம்

கோபக்கார தோஸ்துக்கு,

டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு நீ ராயபுரம் போய்ப் பத்து நாளாகிறது. ஐந்து பேர் வாசிக்கிற ஜாஸை நம் இருவருக்கும் சுருக்கியபோது, தொடக்கத்தில் டிரம்பெட் தனியாக நீட்டும் ஸ்வரத்தை வெட்டிவிட்டேன் என்றுதானே கோபம்? "அது இல்லாட்டி இன்னா ஜாஸ் மாமு?" என்றாய். அன்று காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த ஸ்வரம் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஆலையில் வாயு கசிந்தால் ஊதும் சங்கு மாதிரியே இருக்கிறது. முதல் நாள் நான் ஊதியதும் தெருவே ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. மூன்றாம் நாள் ஒருவரும் அசையவில்லை. "நம்ம நைனா ஊதிகினு கீறாரு" என்று பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே வெட்டினேன். அந்த இடத்தில் இப்போது உன் டிரம் மட்டும் மெதுவாக உருளும். வந்து வாசித்துப் பார்.

இதை எழுதும்போதே அந்த ஸ்வரம் கேட்கிறது. நடுவில் மூச்சே எடுக்காமல் நீள்கிறது.

பட்டம்மாள் அக்கா மீன் ஆய்ந்துகொண்டே கத்துகிறார்: "இன்னா நைனா, மறுபடி ஆரம்பிச்சிட்டியா?"

டிரம்பெட் பெட்டிக்குள் இருக்கிறது, மாமு. கண் எரிகிறது. வீடு வீடாகத் தட்டப் போகிறேன்.

நீ வராதே.

உன் டிரம்பெட்காரன்