எனக்கு நடக்காத ஆபரேஷன்

மரியே வாழ்க

திண்டுக்கல்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜோஸ்பினுக்கு அப்பா அருள்நாதன் எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். எல்லோரும் கடிதத்தில் எழுதுவதுபோல ஒப்புக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதே. உண்மையிலேயே சுகம்தான். இந்த வாரம் அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏன் என்று உனக்கே தெரியும்.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. கோயில் கொடியேற்றத்துக்குச் சேலை எடுக்கச் சின்னாளப்பட்டி போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். உனக்கும் ஒன்று எடுப்பாளாம், என்ன நிறம் என்று கேட்டு வைக்கச் சொன்னாள். இரண்டு நாள் மழையில் மல்லிகை வரத்து குறைந்துவிட்டது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். அரளிப் பூ மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு கூரியர்காரர் போன் செய்து, எனக்குப் பூ வந்திருப்பதாகச் சொன்னார். சிரிப்பு வந்துவிட்டது. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவனுக்குப் பூ வராமல் வேறென்ன வரும் என்றேன். கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடித் தாள் சுற்றிய பெரிய செண்டு. அதிலிருந்த ரோஜா முந்தின நாள் என் கடையிலிருந்து போன சரக்கு. முள் ஒடித்திருக்கிற விதத்திலேயே தெரிந்துவிட்டது. ஊரைச் சுற்றிவிட்டு என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறது. பக்கத்துக் கடை வியாகுலம்மாள், இந்த வயதில் அண்ணனுக்கு யார் பூ அனுப்புவது என்று மார்க்கெட் முழுக்க விசாரித்துவிட்டாள்.

செண்டில் ஓர் அட்டை. உன் கம்பெனிப் பெயர், கீழே ஒன்பது பேர் கையெழுத்து. எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படித்ததில் பைபாஸ் என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. பைபாஸ் என்றால் எனக்குத் தெரிந்தது நம் ஊர் பைபாஸ் ரோடுதான். வண்டி அந்த வழியாக வந்ததை எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மதியம் நான்சி என்று ஒரு பெண் போன் செய்தாள். உன்னோடு வேலை பார்க்கிறவளாம். "பைபாஸ் நல்லபடியா முடிஞ்சுதா அங்கிள்?" என்றாள். நான் இன்னும் மார்க்கெட்டில்தான் இருக்கிறேன், பைபாஸ் பக்கமே போகவில்லை என்றேன். அவள் பதறிப்போனாள். நெஞ்சில் ஆபரேஷன் செய்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் மார்க்கெட்டா என்று அழாத குறை. எனக்கு ஆபரேஷன் என்று சொல்லி நீ லீவு எடுத்திருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உடனே குரலை இறக்கி, இரண்டு தடவை இருமி, சும்மா எட்டிப் பார்க்க வந்தேன் என்று சமாளித்தேன். இத்தனை வருஷத்தில் தராசில் ஒரு பூ குறைத்து நிறுத்தவன் இல்லை நான். உனக்காகப் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் இன்னும் மனசை அறுக்கிறது. அசதியாக இருக்கிறது, நாலு நாள் லீவு வேண்டும் என்று நீ போன மாதமே கேட்டாயாம். இந்த வேலை முடியட்டும் என்றார்களாம். அது முடிந்ததும் அடுத்தது வந்ததாம். ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நீ அழுததை அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். "எதுக்கு அழுறான்னு அப்ப தெரியல அங்கிள். உங்க ஆபரேஷனை நெனச்சுத்தான்னு இப்பத்தான் புரியுது" என்றாள். அந்த நல்ல பெண்ணிடம் நான் என்ன சொல்வது? எனக்கு ஆபரேஷனே இல்லையே. அப்படியானால் நீ எதற்கு அழுதாய், பாப்பா?

போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னாள். நீ என் பக்கத்தில் இருக்கிறாய் என்று நினைத்திருக்கிறாள். வீட்டில் தூங்குகிறாய் என்றேன். இது இரண்டாவது பொய்.

அடுத்த நிமிஷமே உனக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றாய். மீட்டிங்கில் காகம் கத்துமா? உன் குரலுக்குப் பின்னால் ஒரு காகத்தையும் ஃபேன் ஓடுகிற சத்தத்தையும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

கோயம்பேட்டு வியாபாரி கூப்பிடுகிறார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே ரயில் ஏறிவிட்டேன். இது மூன்றாவது. செவ்வாய்க்கிழமை காலை உன் ஹாஸ்டலுக்கு எதிர் டீக்கடையில் இருந்தேன். ஆமாம், வந்திருந்தேன். கோபப்படாதே. பத்தரை மணிக்கு நீ இறங்கி வந்தாய். தலை சீவவில்லை. மளிகைக்கடையில் போய் நின்றாய். என்ன வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் உனக்கு நினைவு வந்தது. ஒரு பால் பாக்கெட், ஒரு பிஸ்கட் பாக்கெட். நீ நடமாடுகிறாய் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாய். என்னைக் கண்டதும் நீ சிரித்திருப்பாய். இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டி எனக்காகச் சிரித்திருப்பாய். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பயந்துவிட்டேன், அதுதான் நிஜம். கொண்டுவந்த மல்லிகைப் பந்தை ஹாஸ்டல் வாசலில் காவலுக்கு இருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன். பூவை யாரிடம் கொடுத்து விட்டீர்கள் என்று நீ சாயங்காலம் போனில் கேட்டபோது, பஸ் டிரைவரிடம் என்றேன். அது நான்காவது. எனவே உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கில்லை.

லீவு கிடைத்தும் நீ வீட்டுக்கு வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வருகிற ரயிலில் வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். போன தை மாதம் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதே, அன்று "முடியலை" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். வியாகுலம்மாள் வந்து என் தராசைப் பிடித்தாள். நான் படுத்திருந்த ஒன்பது நாளும் என்னை வைதுகொண்டேதான் பூ நிறுத்தாள், ஆனாலும் நிறுத்தாள். உனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. என் நெஞ்சைக் கிழித்துத்தான் லீவு வாங்கவேண்டியிருந்திருக்கிறது.

உன் ஆபீஸை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒருநாள் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முடியலைப்பா என்றாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "முடியலைங்கிற பேச்சே இந்த வீட்ல கேக்கக் கூடாது." மீசையை முறுக்காத குறையாகச் சொன்னேன். நீ சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தப்பு என்னுடையது, பாப்பா. அப்பாவை மன்னித்துக்கொள்.

வேலையை விட்டுவிடு என்றும் சொல்லமாட்டேன், விடாதே என்றும் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்தது பூ வியாபாரம். ஆனால் நான்சியிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவள் அப்பா இதே ஆபரேஷனில்தான் போய்ச் சேர்ந்தாராம். எனக்காக ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்கிறாள். முதலில் கோபித்துக்கொள்வாள், கோபிக்கட்டும். அதற்குப் பிறகு அழுதாளானால் சரியான ஆளுக்காக அழட்டும். அந்த ஊரில் உனக்கு யாருமில்லை என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

செண்டு இன்னும் வாடவில்லை. அம்மா அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றுகிறாள். ஆபீஸில் உனக்கு எவ்வளவு மரியாதை இருந்தால் அப்பாவுக்குப் பூ அனுப்புவார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே வந்து முடிவு செய்.

உன் லீவு அடுத்த வெள்ளி வரைக்கும் இருப்பதாக நான்சி சொன்னாள். போனில் ஒன்றும் விளக்கிச் சொல்லவேண்டாம். "முடியலைப்பா" என்று மட்டும் சொல். எந்த ரயில் என்று சொன்னால் போதும், ஸ்டேஷனில் வந்து நிற்பேன். ஏன் வந்தாய், எப்போது திரும்புகிறாய் என்று நானும் கேட்கமாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். தூங்கு. சேலைக்கு நிறம் சொல். அது போதும்.

மாதா உன் கூடவே இருக்கட்டும். உன் ஆபீஸைப் பொறுத்தவரையில் நான் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறவன். பக்கத்தில் மகள் இருக்கவேண்டிய நேரம் இது. வா, தாயி.

இப்படிக்கு,
நெஞ்சில் ஒரு தையல்கூட இல்லாத உன் அப்பா,
அருள்நாதன்