வராதவங்களப் பத்திப் பேச வேணாம்

ஊரெல்லாம் அண்ணன் என்று கூப்பிட்ட என் தம்பி குமரனுக்கு,

உன் வாய்க்கால் கூட்டம் இந்த ஆடியிலும் நடந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ நிம்மதியாக இருக்க மாட்டாய். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கல்யாண மண்டபத்தை வழக்கம்போல் சும்மாவே கொடுத்தார்கள். வாய்க்கால் தலைப்பிலிருந்து கடைமடை வரை எல்லா ஊர் ஆட்களும் வந்தார்கள். நீ மட்டும்தான் வரவில்லை.

சித்திரையில் பூதலூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தவன் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டாய் என்று, முகம் தெரியாத யாரோ உன் போனிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னார். திரையில் உன் பெயரைப் பார்த்துவிட்டு, "எங்கடா இருக்க, சோறு ஆறிப்போவுது" என்றுதான் நான் எடுத்தேன். அந்த மனிதர், நீங்க அவருக்கு அக்காவா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். பாவம், அவருக்கும் அக்கா இருந்திருப்பாள்.

காரியம் முடிந்த பிறகு கடைமடையிலிருந்து தமிழரசி வந்தாள். குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைப்பாளே, அவள்தான். வந்தவள் அழவில்லை. "இந்த வருஷம் கூட்டம் உண்டா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் செருப்பையே இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை, இவளுக்குக் கூட்டம் கேட்கிறதா?

"கோவிச்சுக்காதீங்க. கூட்டம் இல்லன்னா பழையபடி மேல்மடைக்காரங்க சொல்றதுதான் சட்டம். எங்களுக்குத் தண்ணி வர்றதுக்குள்ள பயிரு காஞ்சிரும். அப்புறம் ராத்திரில மடைய உடைப்பானுவ, மண்டைய உடைப்பானுவ, ஸ்டேஷன், கேஸுன்னு அலையணும். அண்ணன் வந்த பொறவுதான் அதெல்லாம் நின்னுச்சு."

உன் வேலையை யார் செய்வது? கூடவே டீப்பாத்திரம் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்தான். கூட்டத்தின் ஆரம்பத்தில் நீ சொல்லுவது எனக்கு மனப்பாடம். ஆனால் நீ அதற்குப் பிறகு ஒன்றுமே செய்யாமல் இருப்பாயே, அது எப்படி எனக்கு வரும்? வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளை வாயைப் பொத்து என்று அதட்டிய தலைமை ஆசிரியை நான்.

மேடை இல்லை, மைக் இல்லை, பொன்னாடை இல்லை, தலைவர் இல்லை. இது என்னடா கூட்டம் என்று உன்னைக் கிண்டல் செய்ததற்கு நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "கல்யாணத்துல மேடையில என்ன நடக்குதுன்னு யாரு பாக்குறா? பந்திக்கு வெளில நிக்கிறப்பதான் பொண்ணு பாத்து முடிக்கிறாங்க, நெலம் பேசி முடிக்கிறாங்க. யாராச்சும் மைக்குல சொல்லியா செய்யிறாங்க? எடத்தக் குடுத்துட்டு நாம நவுந்துக்கணும் அக்கா. அவ்வளவுதான் வேலை."

இடத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, ரோஜா மாலை வாங்கி, மண்டபத்தில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டேன். குத்துவிளக்கும் ஏற்றினேன். உன் கூட்டத்தில் உன் முகம் இல்லாமல் எப்படி? என் மனசு கேட்கவில்லை.

நாற்காலிகளை வட்டமாகத்தான் போட்டிருந்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உன்னைக் கும்பிட்டார்கள். பிறகு அவரவர் நாற்காலியை உன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் போய் வரிசையாகிவிட்டது. பெண்கள் பின்னால் போய்விட்டார்கள். மேல்மடை கோவிந்தசாமி, அந்த வெண்கலத் தொண்டைக்காரர், முன்வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தார்.

நான் எழுந்து நீ சொல்லுவதைச் சொன்னேன். "பேசணும்னு விஷயம் இருக்கிறவங்க தாள்ல எழுதிச் செவுத்துல ஒட்டுங்க. அதப் பேசணும்னு நெனைக்கிறவங்க அங்க போய் ஒக்காருங்க. நமக்கு இங்க வேலை இல்லன்னு தோணுச்சுன்னா எந்திரிச்சு வேற எடத்துக்குப் போங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. வந்தவங்க போதும். வராதவங்களப் பத்திப் பேச வேணாம்."

கடைசி வரியை உன் படத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். அதை ஏன்டா அப்படி ஒரு விதியாக வைத்தாய்?

யாரும் எழவில்லை. தாளும் ஸ்கெட்ச் பேனாவும் நடுவில் கிடந்தபடியே கிடந்தன. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, யார் வயலுக்கு முதல் முறைத் தண்ணீர் என்று தீராவிட்டால் மறுபடியும் மடை உடையும். இங்கேயோ இருமல் சத்தம்கூட இல்லை. கூட்டத்தில் சத்தம் இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பாய். நான் பயந்துவிட்டேன்.

தமிழரசி என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "டீச்சர், துக்கம் கேக்க வந்த மாதிரி இருக்கு. அண்ணன் முன்னாடி எப்படிப் போயி தண்ணிக்குச் சண்டை போடுறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடையே வேண்டாம் என்றவனை நான் மேடையாக்கி வைத்திருந்தேன்.

உன்னைத் தூக்கினேன். கனமாக இருந்தாய். ஸ்டேஷனிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோதுகூட மற்றவர்கள்தான் தூக்கினார்கள், என்னைத் தொடவிடவில்லை. இப்போது மாலையோடு உன்னை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, இத்தனை பேர் பார்க்க, மண்டபத்தின் நீளத்துக்கும் நடந்தேன். சமையல்கட்டில் டீ போடும் மேடைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். எதற்கும் கலங்காத என் கண்ணில் அங்கே நீர் நிற்கவில்லை. டீ போடுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலைக் கிண்டினார்.

நான் திரும்பி வந்தபோது நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. தமிழரசி கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டாள்: முதல் முறை கடைமடைக்கு. அதற்குப் பக்கத்தில் ஒருவர், வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரையை யார் அள்ளுவது? இன்னொருத்தி, நடவு மெஷின் வந்தால் எங்களுக்கு என்ன வேலை? அப்புறம் சுவரே தெரியவில்லை.

தமிழரசியின் வட்டத்தில்தான் சண்டை. "தலைப்புல இருக்கிறவன் வயித்துல ஈரத்துணியா கட்டிக்குவான்?" என்று கோவிந்தசாமி எகிறினார். "நாங்க வருஷா வருஷம் கட்டுறோமே, ஒரு வருஷம் கட்டிப் பாருங்க" என்றாள் அவள். நான் பாதி எழுந்துவிட்டேன். உட்காருங்க எல்லாரும் என்பது நுனிநாக்கு வரை வந்தது. என்ன சொல்லியிருப்பாய்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய். டீ கிளாஸ் பொறுக்கப் போயிருப்பாய். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். கொஞ்சம் கழித்து அவராகவே திரும்பி வந்து, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. இந்த வருஷம் முதல் முறை கடைமடைக்கு. அதற்குப் பதில் ஆகாயத்தாமரையைக் கடைமடை ஆட்களும் மேலே வந்து சேர்ந்து அள்ள வேண்டும். மெஷின் விஷயம் தீரவில்லை, மறுபடி பேசுவார்களாம். நீ நினைத்தது அப்படியே நடந்தது.

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை, குமரா. நீ இல்லாமல் எல்லாம் இவ்வளவு நன்றாக நடந்தது. யாராவது ஒருவர், "இந்நேரம் அவரு இருந்திருந்தா" என்று சொல்ல மாட்டார்களா என்று நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. நடுவில் எங்கேயாவது இடறாதா, உன் அருமை தெரியாதா என்றுகூட நினைத்தேன். உன் வேலை பலித்ததற்கு அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நன்றி கெட்டவர்கள் என்று மனசுக்குள் திட்டினேன்.

எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். உன் வேலை ஒன்றாவது எனக்கு மிச்சம் இருக்கட்டும் என்று கிளாஸ் பொறுக்கப் போனேன். மண்டபத்தில் ஒரு கிளாஸ்கூட இல்லை. குழாயடியில் கோவிந்தசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிக் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏங்க இதெல்லாம்?"

அவர் நிமிரவில்லை. "அவரு பொறுக்கிக்கிட்டே இருப்பாருல்ல டீச்சர். இன்னைக்கி எல்லாருக்குமே கை சும்மா இருக்கல. ஆளாளுக்கு எடுத்துட்டோம்."

படத்தை எடுக்கச் சமையல்கட்டுக்குப் போனேன். உன் முன்னால் ஒரு கிளாஸ் டீ இருந்தது. எப்போது வைத்ததோ, ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. டீ போடுகிறவரைக் கேட்டேன். "டீ போடுற ஒவ்வொரு தடவையும் யாராச்சும் வந்து, அண்ணனுக்குச் சர்க்கரை தூக்கலா ஒண்ணுன்னு வாங்கி வச்சாங்கம்மா. பழச எடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. இது கடைசியா வச்சது."

வராதவனைப் பற்றி யாரும் பேசவில்லை. நீ சொன்ன விதி. அவர்கள் மீறவே இல்லை.

அந்த டீயை நான் குடித்தேன். இவ்வளவு சர்க்கரை போட்டால் நெஞ்சு என்னத்துக்கு ஆகும் என்று உன்னிடம் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். பிறகு குழாயடிக்குப் போய் அந்தக் கிளாஸை மட்டும் நானே கழுவினேன்.

அடுத்த ஆடியிலும் மண்டபத்தைத் திறப்பேன். நாற்காலியை வட்டமாகப் போடுவேன். உன்னை நேராகச் சமையல்கட்டுக்கே கொண்டுபோவேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டேன், இது சத்தியம்.

ஊருக்கெல்லாம் டீச்சர், அக்கா என்று கூப்பிட இனி ஆளில்லாத
உன் அக்கா,
சரோஜா