அப்பா வாய் திறக்கிற கடை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா சௌக்கியம், வீடு சௌக்கியம், தையல் மெஷின்கூட எண்ணெய் விட்டபிறகு சௌக்கியம். நான்தான் சரியில்லை, ஆனால் பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, வெறும் வயிற்றெரிச்சல், சாப்பாட்டால் வந்தது இல்லை. நீ அந்த அணைக்கட்டு வேலையில், அந்தக் குளிரில், காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. உறையின் மேல் அப்பா பேர் மட்டும், பிரித்தால் உள்ளேயும் அப்பாவுக்கு மட்டும். பைப் பிடிக்கத் தொடங்கலாம் என்று இருக்கிறாயாம், எந்த மாதிரிப் பைப் நல்லது, எந்தப் புகையிலை வாங்கலாம், எப்படி அடைப்பது, எப்படிப் பற்ற வைப்பது என்று மூன்று பக்கம் கேட்டிருந்தாய். கடைசி வரியில் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று ஒரு வாக்கியம். அந்த ‘யும்’மை நான் நாலு தடவை படித்தேன். சரி போகட்டும், அப்பாவிடம் கேட்டாயே, அவராவது பதில் எழுதினாரா என்றால் அதுவும் இல்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைக்கார அம்மாகிட்டயே எழுதி வாங்கி அனுப்பிடறேன் என்றார். சுமந்து பெற்றது நான், என் பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவது ஊரார் வீட்டுப் பெண்ணா? அந்தக் காகிதம் உன் கைக்கு வருமுன் இது வந்து சேரட்டும் என்றுதான் தைக்க வேண்டிய துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

எந்தக் கடைக்கார அம்மா என்று கேட்பாய். அப்பா ஓய்வு பெற்றபோது நீரேற்று நிலையத்தில் கூட வேலை பார்த்தவர்கள் ஒரு பைப் வாங்கிக் கொடுத்தார்கள் அல்லவா, முப்பத்துநாலு வருஷம் தண்ணீர்ப் பைப்போடு மல்லுக்கட்டியவருக்குக் கடைசியில் புகைப் பைப்பா என்று எல்லோரும் சிரித்தோமே. அது பெட்டியிலேயே கிடந்தது. டாக்டர் சிகரெட்டை விட்டே ஆகவேண்டும் என்று சொன்னார், அப்பாவும் விட்டார், ஆனால் விட்டவர் கை சும்மா இருக்கவில்லை, மேஜையைத் தட்டுவார், சாவியை உருட்டுவார், ஒருநாள் என் நூல் கட்டையை உருட்டி அறை முழுக்க நூல். பிறகு அந்தப் பைப்பை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புகையிலைக் கடைக்குப் போனார். முதலில் சனிக்கிழமை மட்டும், பிறகு செவ்வாயும் சேர்ந்துகொண்டது. போகும்போது இஸ்திரி போட்ட சட்டை. எனக்காக ஒரு கல்யாணத்துக்குக்கூடக் கண்ணாடி பார்த்துத் தலைவாராத மனுஷன், இந்தக் கடைக்குப் போக வகிடு எடுக்கிறார். கடையை நடத்துவது ஒரு பெண்பிள்ளை, ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். அதுவரைக்கும்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கீழ்வீட்டில் பூட்டு ரிப்பேர் செய்கிறவரின் மனைவி என்னிடம், ஏங்க அக்கா, உங்க வீட்டுக்காரர் எவ்வளவு கலகலன்னு பேசறாரு, அந்தக் கடையில சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு என்றாள். எங்க வீட்டுக்காரரா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். உனக்குத் தெரியாததா, மோட்டார் இரைச்சலில் நின்று நின்று அப்பாவுக்கு ஒரு காது பாதி போய்விட்டது, பேச்சு முக்கால்வாசி போய்விட்டது. இங்கே ம், சரி, அப்புறம், இந்த மூன்றில்தான் குடும்பமே ஓடுகிறது. அவர் கலகலவென்று பேசுவார் என்று கீழ்வீட்டுக்காரி சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால் உன் கடிதத்தோடு அவர் சனிக்கிழமை கிளம்பியதும் நானும் பின்னாலேயே கிளம்பினேன். சிரிக்காதே. எதிர்ச்சாரி மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்குகிறவள் மாதிரி நின்றுகொண்டேன். கடை முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே எல்லாம் தெரிகிறது. அப்பா ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, பைப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். ஒருமுறை கையை இத்தனூண்டு அகலத்துக்கு வைத்து எதையோ காட்டினார், பிறகு அதை மடியில் வைத்துத் தடவுகிற மாதிரி ஒரு பாவனை. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். என்ன கதை என்று எனக்குக் கேட்கவில்லை. அப்படி ஒரு கதை அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளையிடம் இதை எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், அவள் அழகாயிருக்கிறாள் என்று எனக்கு எரியவில்லை, அவருடைய பேச்சு அவளுக்குக் கிடைக்கிறதே என்றுதான் எரிந்தது. மருந்துக் கடைக்காரர், அம்மா தலைவலி அதிகமா இருக்கா, உக்காருங்க என்று நாற்காலியே போட்டுவிட்டார். அன்று அப்பா திரும்பி வந்ததும் பையனுக்கு எழுதி வாங்கினீங்களா என்று கேட்டேன். மறந்துட்டேன் என்றார். அவ்வளவு பேச்சு!

திங்கட்கிழமை நான் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துவிட்டு வரவேண்டும் என்றுதான் போனேன். யார் என்று சொல்லவில்லை, என் பையன் வெளியூரில் இருக்கிறான், பைப் பிடிக்கப் போகிறானாம், ஒன்றும் தெரியாதவன், என்ன வாங்கலாம் என்று மட்டும் கேட்டேன். ஒரு குறையும் கிடைக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பெரிய எரிச்சல். அவள் முதலில் சொன்னதே, அம்மா, பழக்கம் இல்லாத பையன்னா தொடங்கவே வேண்டாம்னு சொல்லுங்க, புகை புகைதான், வாய்க்கும் கெடுதல் நெஞ்சுக்கும் கெடுதல் என்பதுதான். கடை வைத்திருக்கிறவள் வாயிலிருந்து இதை எதிர்பார்க்கவில்லை. என் வார்த்தையும் அதுதான், வேண்டாம் ராசா. நீ கேட்கமாட்டாய் என்றும் தெரியும், எதையும் செய்து பார்த்துத்தான் விடுவாய், அதனால் அவள் சொன்ன மற்றதையும் எழுதுகிறேன், கேட்டு வந்தவள் நான் என்பதை மட்டும் மறக்காதே. கெட்டியான வேர்க்கட்டையில் குடைந்த பைப் வாங்கு, தண்டு நேராக இருக்கட்டும், வளைந்ததில் சுத்தம் செய்கிற கம்பி முட்டிக்கொள்ளும். புகையிலை அடைக்கிற கிண்ணம் ரொம்பப் பெரிதாக வேண்டாம். மேலே பளபளவென்று பூச்சு பூசியதைக் கண்டு மயங்காதே. புகையிலை வாங்கும்போது மூக்கை நம்பாதே என்கிறாள். டப்பாவைத் திறந்தவுடன் பழவாசனையும் தித்திப்புமாக இருப்பதைத்தான் புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் தூக்குவார்களாம், அதில் ஈரம் ஜாஸ்தி, நாக்கைச் சுட்டுவிடுமாம். காய்ந்த புல்வாசனை வருகிற சாதாரணப் புகையிலையில் தொடங்கு, அதிலும் கொஞ்சமாக வாங்கு. ஈரம் பார்க்க இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து அமுக்கி விடவேண்டும், உருண்டையாக நின்றால் ஈரம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது, மெல்ல விரிந்து கொடுத்தால் சரி. நாலு டப்பாவை முன்னால் வைத்தாள், நான் தொட்டவுடனே சரியானதைச் சொல்லிவிட்டேன். உங்க விரலுக்கு எப்படிம்மா தெரியுது என்று ஆச்சரியப்பட்டாள். நாற்பது வருஷமாகத் துணி தொட்ட விரல் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அடைப்பது தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரிதான், நீ சின்ன வயதில் எனக்கு உதவி செய்திருக்கிறாய், இறுக்கித் திணித்தால் கல், தளர்வாக விட்டால் குழி. அடியில் சும்மா உதிர்த்துப் போடு, நடுவில் லேசாக அமுக்கு, மேலே மட்டும் கொஞ்சம் அழுத்து. பற்ற வைக்காமல் ஒருமுறை இழுத்துப் பார், ஸ்ட்ராவில் குடிக்கிற மாதிரி லேசாக வரவேண்டும், வராவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி அடை. முதல் தடவை தீக்குச்சி காட்டினால் மேலே புசுபுசுவென்று எழும்பும், அதைத் தட்டையாக்கிவிட்டு இரண்டாம் தடவை பற்ற வை. பிறகு சூடான டீயை உறிஞ்சுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக, புகையை உள்ளே விழுங்கவே கூடாது. கிண்ணத்தைக் கன்னத்தில் வைக்க முடியாத அளவு சுட்டால் கீழே வைத்துவிடு. அணைந்துபோனால் வெட்கமே இல்லை. முதலில் பாதிக் கிண்ணம் போதும். முடிந்ததும் ஆறவிட்டுத்தான் தண்டைக் கழற்று, கம்பி விட்டுத் துடை, ஒருநாள் அதற்கு ஓய்வு கொடு. இவ்வளவும் சொல்லிவிட்டு அவளாகவே ஒன்று சொன்னாள். இங்க ஒரு பெரியவர் வருவாரு, பம்ப் ஹவுஸ்ல இருந்தவரு, தங்கமான மனுஷன், ஆனா பைப் மட்டும் பிடிக்கவே தெரியாது, பேச்சு சுவாரசியத்துல பத்து தடவ அணைஞ்சுபோயிடும். பாவம், வீட்டம்மா தவறிப்போயிட்டாங்க போல, ஒரு வார்த்தைகூட அவங்களப் பத்திப் பேசமாட்டாரு, நாங்களும் கேக்கறதில்ல, மனசு நோகுமேன்னு. அப்படியே சொன்னாள். நான் என் கையில் இருந்த டப்பாவை மேஜைமேல் வைத்தேன். சரிங்க, வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் செத்துப்போனதை அவள் மூலமாகக் கேட்டுவிட்டு, பஸ்கூடப் பிடிக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரியவே இல்லை, எப்படித் தெரியும்? நேற்று மத்தியானம் சாப்பிடும்போது தாங்கவில்லை. உங்க கடைக்காரம்மா நீங்க பொண்டாட்டி செத்தவர்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க என்றேன். சாப்பிடுகிற கை அப்படியே நின்றது. நான் அப்படிச் சொல்லலையே என்றார். செத்துட்டான்னு சொல்லல, உயிரோட இருக்கான்னும் சொல்லலையே என்றேன். அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு கை கழுவினார், செருப்பை மாட்டிக்கொண்டு, வகிடும் எடுக்காமல், வீட்டில் போடுகிற பனியனோடு போய்விட்டார். எனக்குப் பயமாகிவிட்டது, இந்த வயதில் கோபித்துக்கொண்டு எங்கே போவார் என்று ஜன்னலிலேயே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்தார். சொல்லிட்டேன் என்றார். என்ன சொன்னீங்க என்றேன். இருக்கான்னு என்றார். எனக்கு அழுகை வரவேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. சரி, அங்க அவ்வளவு பேசறீங்களே, இங்க ஏன் ஒரு வார்த்தை இல்ல என்று கேட்டேன். பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்க கேக்கறாங்க என்றார்.

குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை, மோட்டாரில் என்ன கோளாறு என்று சொல்கிற மாதிரி சொன்னார். நானும் யோசித்துப் பார்த்தேன். அவர் காது மந்தமானபிறகு கத்திக் கத்திக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று நான் கேட்பதையே நிறுத்திவிட்டேன் போல. கதவைப் பூட்டினீங்களா, மாத்திரை போட்டீங்களா, இவ்வளவுதான் பல வருஷமாக நான் கேட்டது. சரி, எனக்கு இந்தப் பைப் பத்திச் சொல்லிக் கொடுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது என்றேன், நல்ல காது இருக்கிற பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்பா புகையிலையை எடுத்தார், சதசதவென்று ஈரம், என் விரல் துடித்தது. கல்லுமாதிரி அடைத்தார். ஒரே தீக்குச்சியில் பற்ற வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். இப்படித்தான், பாத்துக்கோ என்றார். ஆமாங்க என்றேன். எல்லாம் தப்பு ராசா, முதலிலிருந்து கடைசிவரை தப்பு, நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அணைந்துபோயிற்று. அப்புறம், கடையில கையை இத்தனூண்டு வச்சுக் காட்டினீங்களே அது என்ன என்று கேட்டேன். எதிர்ச்சாரியில் நின்றதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அது ஒரு பூனைக்குட்டியாம். தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில் கம்பி வலையில் சிக்கிக் கிடந்ததை எடுத்து, மோட்டார் சூட்டில் காயவைத்துப் பிழைக்க வைத்திருக்கிறார். பதினோரு வருஷம் அது பம்ப் ஹவுஸிலேயே இருந்திருக்கிறது, அவர் மடியில்தான் தூங்குமாம். எனக்குப் பூனை ஆகாது என்று வீட்டில் சொல்லவே இல்லையாம். நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் பாதி அதற்குப் போயிருக்கிறது, நான் இவர் ஏன் இளைத்துக்கொண்டே போகிறார் என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். அது செத்த அன்று லீவு போட்டுவிட்டு ஆற்றோரம் உட்கார்ந்திருந்தாராம். முக்கால் மணி நேரம் பேசினார். இப்போது எனக்கு அந்தக் கடைக்காரியோடு ஒரு செத்த பூனைமேலும் பொறாமை.

ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. வருகிற சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாளாம் அந்த அம்மா. திங்கட்கிழமை வந்து டப்பா தொட்டுப் பார்த்தது நான்தான் என்று தெரிந்தால் என்ன நினைப்பாளோ, கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் போவேன், என் நீல ரவிக்கையின் கழுத்துப் பட்டியைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் அங்கே பேசும்போது எனக்கு எரியும், எரியட்டும்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். கையுறை போடாமல் இரும்பைத் தொடாதே. நீண்ட ஆயுசோடு, ஒரு குறையும் இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இரு, அப்பாவும் அதையேதான் நினைக்கிறார், கேட்டால் ம் என்பார். கடைசியாக ஒன்று. நீயும் எனக்கு ஐந்து வரிக்குமேல் எழுதுவதில்லை, நானும் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதற்குமேல் உன்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வேலை முடிந்து அறைக்குப் போனபிறகு அங்கே நீ யாரோடு பேசுகிறாய்? என்ன பேசுகிறாய்? சிரிக்க வைக்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? ஆணோ பெண்ணோ, யாராயிருந்தாலும் எழுது. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும், அதற்காக மறைக்காதே. உறையின் மேல் என் பேர் போட்டு எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா