கிளடிஸ் அன்ரி கைதட்டிய வசனம்

2011 ஏப்ரல் 2, சனி

மல்வேர்னில் ஊர்ச் சங்க ஒன்றுகூடல். அப்பா தலைவர், ஆகவே அறிவிப்பாளர் நான். பிரதம விருந்தினர் எங்கள் தொகுதியில் தேர்தலுக்கு நிற்பவர். "வணக்கம்" என்றார், மண்டபம் அதிர்ந்தது. மிச்சமெல்லாம் ஆங்கிலம். எங்கள் பெரியவர்களுக்கு ஒரு பழக்கம்: மேடையில் நிற்பவர் மூச்சுவிட நிறுத்தினால் கைதட்டுவார்கள். விளங்கவேண்டும் என்றில்லை, அது மரியாதை.

"கப்பல்களை நிறுத்துவோம், ஒருவரையும் கரையேற விடமாட்டோம்" என்று சொல்லி நிறுத்தினார். தட்டினார்கள். முன்வரிசையில் கிளடிஸ் அன்ரியும்.

அவருடைய மகன் பேனாட் போன ஓகஸ்ட்டில் ஊரிலிருந்து அகதிக் கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தவன். இன்னும் வன்கூவரில் தடுப்புக்காவலில்.

ஏப்ரல் 3

பூசை முடிந்து அந்த வசனத்தின் அர்த்தத்தை அன்ரியிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ? கனநேரம் தன் கைகளையே பார்த்தார்.

"அப்ப, என்ர பிள்ளையை மறிக்கச் சொல்லியோ நான் தட்டினனான்?"

ஏப்ரல் 4

அப்பாவோடு சண்டை. உதெல்லாம் எலெக்சன் கதையாம். பொன்னாடை போர்த்தி வைத்தால் நாளைக்கு ஒரு அலுவலுக்கு அவரிடம் போய் நிற்கலாமாம். கேட்டிட்டன் — பேனாட்டின்ர அலுவலுக்கு எப்ப போய் நிக்கப் போறியள் எண்டு.

ஏப்ரல் 7

முதியோர் கழகத்துக்கும் அந்த ஆள் வருகிறார். அங்கே அப்பா செயலாளர். மைக் மறுபடியும் என்னிடம். ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்வேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பிடியுங்கள் என்றேன்.

அப்பா சிரித்தார். "சொல்லன். சனத்துக்கு விளங்கினால் நல்லதுதானே."

ஏப்ரல் 16

சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஊரில் சண்டைதான் முடிந்துவிட்டதே, இனி ஏன் வரவேண்டும் என்றார், அதையும். பிறகு கப்பல் வசனம். அவர் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் தட்டவில்லை. நான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

கிளடிஸ் அன்ரி எழும்பினார்.

"இந்தத் தம்பியிட்டைக் கேள் பிள்ளை. சண்டை முடிஞ்சுதெண்டால் என்ர மகன் ஏன் அவ்வளவு நாளும் கடலிலை கிடந்தவன்?"

ஆங்கிலத்தில் கேட்டேன். நல்ல கேள்வி என்றார். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். அப்பாவின் கையில் பொன்னாடை மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஏப்ரல் 17

அப்பா பொன்னாடையை அலுமாரியில் திருப்பி வைத்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஏப்ரல் 20

றிச்மண்ட் ஹில்லிலிருந்து வேறொரு சங்கத்துக்காரர் அப்பாவைப் போனில் அழைத்தார். கட்சிக்கு வாக்குக் கேட்டு அவர்களிடமும் அதே ஆள் வருகிறாராம். மொழிபெயர்க்க மகளை அனுப்ப முடியுமா, ஆனால் சில இடங்களைக் கொஞ்சம் பதமாக — அப்பா குசினி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"அவ ஒரு சொல்லும் மாத்தமாட்டா. ஓமெண்டால் சொல்லுங்கோ, நானே காரிலை கூட்டிக்கொண்டு வாறன். கிளடிஸையும்."