கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பானை

கத்தார்,
வியாழக்கிழமை

அன்பின் அம்மாவுக்கு,

மகன் நிதுர்ஷன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

வீடியோவில் என் நெற்றிப் பிளாஸ்டரைக் கண்டால் பயந்துவிடுவீர்கள் என்றுதான், நாளை ஊருக்கு வருகிற செங்கலடி அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். சின்ன விசயம்தான். போன வெள்ளி எங்கள் அறை டிவியில் சிந்துவெளி நாகரிகம் பற்றிய விவரணப்படம் போனது. அதைக் கட்டியவர்கள் தன்னுடைய ஆட்கள் என்று மதுரைப் பூமிநாதன் அண்ணன் சொல்ல, இல்லை, தன்னுடைய ஆட்கள் என்று சிந்து மாகாணத்து மெஹ்ராப் கத்தினார். அவர் எறிந்த ரிமோட் நடுவில் இருந்த என் புருவத்தில் பட்டது. இரண்டு தையல்தான். இப்போது என் உடுப்பெல்லாம் மெஹ்ராப்தான் தோய்க்கிறார்.

சண்டையை நிறுத்த நம்முடைய பானைக் கதையைச் சொன்னேன். அப்பா வயல் வட்டையில் வரம்பு கட்டும்போது மண்ணுக்குள் கிடைத்ததே, அதுதான். "ஓட்டை இல்லத்தானே, கோழிக்குத் தண்ணி வைப்பம்" என்றீர்களே! அதே மாதிரிப் பானையை டிவியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இருவரும் சிரித்துவிட்டு, நம் பானையின் படம் வேண்டும் என்று நிற்கிறார்கள்.

தங்கச்சியைக் கொண்டு படமெடுத்து அனுப்புங்கள். அளவு தெரியப் பக்கத்தில் அடிமட்டம் வைக்க வேண்டுமாம். நீங்கள் உங்கள் கையை வையுங்கள்.

வேலைக்குப் பஸ் வந்துவிட்டது. படத்தில் பானை சரியாக விழாவிட்டாலும் பரவாயில்லை அம்மா, கை முழுதாகத் தெரியட்டும்.

உங்கள் மகன்,
நிதுர்ஷன்