குடை பிடித்த மயில்

ஆரணி,
ஞாயிறு காலை.

புனேக் குளிரில் நடுங்கும் அன்பு அக்கா கீதாவுக்கு, உன் ஒரே தொல்லை அகல்யா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நம் மயிலைத் தவிர. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

போனில் சொன்னால் நீ அழுவாய், நான் சிரிப்பேன், விஷயம் நடுவில் விழுந்துவிடும். அதனால்தான் கடிதம்.

நீ கம்ப்யூட்டரில் வரைந்தாயே, குடை பிடித்த மயில் பார்டர், அதைச் சென்னையில் ஒரு பெரிய கடைக்காரர் தன் டிசைன் என்று பதிவு செய்துவிட்டார். அதை நாம் நெய்யக் கூடாது என்று நமக்கே வக்கீல் நோட்டீஸ். அப்பா தறியை நிறுத்திவிட்டார். சேலை பாதியில் நிற்கிறது. "நம்ம வூட்டுப் புள்ளைய நாம கொஞ்சக் கூடாதாமா? இன்னாடி பேஜார் இது" என்று அம்மா புலம்புகிறாள்.

அவர்கள் பதிவு செய்வதற்கு முன்பே டிசைன் ஊர் பார்க்க வெளியே வந்திருந்தால் அந்தப் பதிவை ரத்து செய்யக் கேட்கலாமாம். நம் வக்கீல் வேணுகோபால் சார் சொன்னார். தேதியோடு ஆதாரம் வேண்டும். அப்பாவின் பில்களில் மயிலா இருக்கிறது? 'பட்டுச் சேலை' என்றுதான் இருக்கிறது.

நான் சும்மா இருப்பேனா? "முதல் மயில் புனேல இருக்குதுங்க சார்" என்றேன். நீ வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய், பதிவுத் திருமணத்தில் கட்டி, அன்றே ஃபேஸ்புக்கில் படம் போட்ட சேலை. இந்த இரண்டு பதிவில் உன் பதிவுதான் முந்தியது! அப்பா இத்தனை நாளும் அதைத் திருட்டுச் சேலை என்றார். இப்போது திருட்டுக்கு எதிர்சாட்சியே அதுதான்.

படத்தில் உன் தலையையும் மாமாவையும் வேண்டுமென்றே வெட்டிவிட்டு, பார்டரை மட்டும் காட்டினேன். "வெட்டுன படம் செல்லாதும்மா, முழுசா வேணும்" என்றார் வக்கீல். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா விட்டத்தைப் பார்த்தார். "அதான் சொல்றாரில்ல, ஜல்தி காட்டு."

உன் கல்யாணத்தை அப்பா அன்றுதான் பார்த்தார், அக்கா. முதலில் மயிலைப் பெரிதாக்கினார். பிறகு விரல் மெல்ல மேலே போய் உன் முகத்தில் நின்றது. "இளைச்சிருக்கா" என்றார். அது பழைய படம் என்று நான் சொல்லவில்லை.

சேலையும் வேண்டுமாம், வரைந்தது நீதான் என்று உன் கையெழுத்தும் வேண்டுமாம். கூரியரில் அனுப்பச் சொல்லட்டுமா என்றேன். "பட்டு நசுங்கிடும். கைல எடுத்துகினு வரச் சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று சுவரைக் கேட்டார்.

சுவருக்குத் தெரியவில்லை. நீயாவது நேரில் வந்து பதில் சொல். மாமாவோடு வா.

தறி நின்ற வீட்டில் சத்தமாக இருக்கும் ஒரே ஆள்,
அகல்யா